கண் ஏன் வறண்டு போகிறது?

(மாலை ஆராதனைக்குப் பின் ஆலய மண்டபத்தில் நமது ஆஸ்பத்திரியின் கண் மருத்துவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



கண்ணைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். கண்புரை ஆபரேஷனைப் பற்றியோ கண் தானத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு தொல்லையைப் பற்றி. கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், மாலையானால் கண் கனத்துப் போவது, எழுத்து மங்கி, இமைத்தால் தெளிவது. இந்தக் குறைகளோடு வருகிறவர்கள் எங்கள் ஓ.பி.யில் தினமும் உண்டு. "கண் வறட்சி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பக் கூடாது, நீங்களும் அப்படி வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி மகனோடு வந்தார்கள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்கள் கண் காய்ந்து போயிருக்கிறது" என்றேன். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா, தாரை தாரையா தண்ணி ஊத்துது, காய்ஞ்சு போச்சுங்கிறீங்களே!" என்றார்கள். கூட வந்த மகன் சிரித்துவிட்டார்.

பாட்டி சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. அது எப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கண்ணீரில் என்ன இருக்கிறது?

கண்ணீர் என்றதும் அழுகைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நாம் அழாத நேரத்திலும் கண்ணின் மேல் மிக மெல்லிய ஒரு ஈரப் படலம் எப்போதும் பரவி நிற்கிறது. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த மெல்லிய படலம் மூன்று பொருள்களால் ஆனது.

முதலாவது, தண்ணீர். புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே, எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து இதில் பெரும்பகுதி வருகிறது. இது வெறும் தண்ணீர் அல்ல, கிருமிகளைக் கொல்லும் பொருள்களும் இதில் உண்டு. அவற்றில் ஒன்றான லைசோசைமை 1922-ல் அறிவித்தவர், பின்னர் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

இரண்டாவது, எண்ணெய். இமை ஓரத்தில் மயிர்க்கால்களுக்குப் பின்னே வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. மேல் இமையில் ஏறக்குறைய முப்பது, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 1666-ல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்பது போல, இந்த எண்ணெய் கண்ணீரின் மேல் நின்று அது ஆவியாகாமல் காக்கிறது.

மூன்றாவது, வழவழப்பான சளி போன்ற பொருள். சேம்பு இலையில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும் அல்லவா? கண்ணின் மேலும் அப்படி ஓடிவிடாமல், தண்ணீர் ஒட்டிப் பரவும்படி செய்வது இதுவே.

இந்த மூன்றையும் சேர்த்துக் கண் முழுவதும் பூசுவது இமை. நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை நாம் அறியாமலே இமைக்கிறோம். பழைய கண்ணீர் மூக்குப் பக்க ஓரத்திலுள்ள சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. சொட்டு மருந்து விட்டால் தொண்டையில் கசப்பது இதனால்தான்.

கருவிழியின் முன்பக்கம் இரத்தக் குழாய் இல்லாத கண்ணாடி போன்ற பகுதி. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. படலம் கிழிந்தால் அங்குள்ள நரம்பு நுனிகள் உறுத்தும். உடனே மூளை கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவிட, தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் அதில் எண்ணெய் போதாது, நிற்கவும் நிற்காது. கன்னத்தில் வழிந்துவிடும், கண் மறுபடியும் காயும். பாட்டிக்கு நடந்தது இதுவே. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை.

ஆகவே கண் வறண்டிருக்கிறது என்று தெரிந்ததும் நாங்கள் நான்கு கேள்விகள் கேட்கிறோம். தண்ணீர் குறைவா? எண்ணெய் கெட்டுவிட்டதா? ஒட்ட வைக்கும் பொருள் போய்விட்டதா? இமை தன் வேலையைச் செய்யவில்லையா?

தண்ணீர் குறைந்தால்

வயது ஏற ஏறச் சுரப்பு குறைவது இயல்பு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது அதிகம். நாம் சாப்பிடும் மாத்திரைகளும் காரணமாகலாம். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரைகள் கண்ணையும் வாயையும் உலர்த்தக் கூடும். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கண் மருத்துவரிடம் வரும்போது மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இன்னொரு காரணம் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. 1933-ல் ஸ்வீடன் தேசத்துக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டுபோன 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டு வாதமும் இருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகமாக வருகிறது. "சாதம் விழுங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது, பல் எல்லாம் சொத்தையாகிறது, காலையில் விரல் மடங்கவில்லை, கண்ணும் எரிகிறது" என்று ஒரு தாய் சொன்னால், அது கண்ணின் நோய் மட்டும் அல்ல. இரத்தப் பரிசோதனை வேண்டும், வாத நோய் மருத்துவர் பார்க்க வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும்கூட இதில் பாதிக்கப்படலாம். சொட்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தால் அந்த நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் போதுமா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கீழ் இமையில் மெல்லிய வடிதாள் துண்டு ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் வைப்போம். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சுரப்பு போதும், 5-க்குக் கீழே என்றால் குறைவு. 1903-ல் ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் காட்டிய வழி. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

எண்ணெய் கெட்டால்

நாங்கள் அதிகம் காண்பது இந்த வகைதான். இமை ஓரத்துச் சுரப்பிகளில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். இமை ஓரம் சிவந்து, மயிர்க்காலில் பொடுகு போல் படிந்திருக்கும். காலையில் எழுந்ததும் எரிச்சல் அதிகம். பாட்டிக்கு இருந்தது இதுவே.

இமைப்பது குறைந்தாலும் எண்ணெய் சரியாக வெளிவராது. உற்று வாசிக்கும்போதும், கைபேசியையோ கணினியையோ பார்க்கும்போதும் நாம் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, இமைத்தாலும் முழுவதும் மூடுவதில்லை. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிப்பது, ஏ.சி. அறை, விறகடுப்புப் புகை, கண்ணாடி அணியாமல் இரு சக்கர வண்டி ஓட்டுவது ஆகியவை எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போல.

இதற்கு வைத்தியம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், மூடிய இமையின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும். பின்பு சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவிவிட்டு, இமை ஓரத்தைத் துடைக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டும், பல வாரங்கள் செய்ய வேண்டும். மருந்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் இதற்குப் பத்து நிமிடம் கொடுக்கத் தயங்குகிறார்கள். அதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

ஒட்டும் பொருள் போனால்

இது அபூர்வம், ஆனால் ஆபத்தானது.

ஏ வைட்டமின் குறைந்த பிள்ளைகளுக்கு இது வரும். முதலில் மாலைக்கண்: பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறும். பிறகு வெண்விழி மினுமினுப்பு இழந்து, நுரை ஒட்டியது போல் திட்டுகள் தோன்றும். அதற்கு மேலும் விட்டால் கருவிழி உலர்ந்து, கரைந்து, சில நாட்களிலேயே பார்வை போய்விடும். தட்டம்மையோ நீடித்த வயிற்றுப்போக்கோ வந்த மெலிந்த பிள்ளைக்கு இது வேகமாக நடக்கும். முன்னாட்களில் மருத்துவர்கள் இதை அடிக்கடி கண்டார்கள். இந்தியாவில் 1970 முதல் பிள்ளைகளுக்கு ஏ வைட்டமின் மருந்து கொடுக்கும் திட்டம் நடக்கிறது. தடுப்பூசியும் உணவும் மேம்பட்டன. ஆகையால் இன்று அந்தக் கடுமையான நிலை அரிதாகிவிட்டது. ஆனால் மறைந்துவிடவில்லை. பெரியவர்களிலும், குடியால் ஈரல் கெட்டவர்களிடமும், குடல் நோயாளிகளிடமும் காண்கிறோம்.

இங்கே எத்தனை சொட்டு மருந்து விட்டாலும் பயனில்லை. அந்தக் கண்ணுக்கு வேண்டியது வைட்டமின். ஆஸ்பத்திரியில் வயதுக்கேற்ற அளவை அன்றைக்கே கொடுத்து, மறுநாளும் இரண்டு வாரம் கழித்தும் மறுபடி கொடுக்கிறோம். வராமல் காக்க முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, முட்டை, பால், ஈரல் போதும். கீரையைக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமையுங்கள், அப்போதுதான் சத்து உடலில் சேரும்.

இன்னொன்று மருந்து ஒவ்வாமை. சல்ஃபா மாத்திரை, சில வலிப்பு மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஆகாத விதமாய், எங்கோ ஒருவருக்கு உடலெல்லாம் கொப்புளமாக்கிவிடும். ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1922-ல் இதை விவரித்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் கண் நிரந்தரமாக வறண்டு, இமையின் உட்பக்கம் தழும்பாகிவிடும். மாத்திரை சாப்பிட்ட பின் காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண் வந்தால், அதே நாளில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முதல் சில நாட்களில் கண்ணைக் காக்கச் செய்யக்கூடியது நிறைய உண்டு.

இமை மூடாவிட்டால்

கண்ணீர் நன்றாக இருந்தும் கண் காய்ந்து போகலாம். முகவாதம் வந்தவர்களுக்கு ஒரு பக்க இமை மூடுவதில்லை. தைராய்டு நோயில் கண் முன்னே தள்ளிக்கொண்டு வருவதால் இமை எட்டுவதில்லை. தொழுநோயில் இரண்டு கேடு சேர்ந்து வரலாம். இமையை மூடும் நரம்பும் கெடும், கண்ணின் உணர்ச்சி நரம்பும் கெடும். உறுத்தினால்தானே இமைப்போம்? உறுத்தலே தெரியாதபோது திறந்த கண் காய்ந்து, புண்ணாகி, வலியே இல்லாமல் குருடாகும்.

1940-களின் பிற்பகுதியில் வேலூருக்கு வந்து, அங்கும் கரிகிரியிலும் பணிபுரிந்த டாக்டர் மார்கரெட் பிராண்ட் அம்மையார் இப்படிப்பட்ட கண்களைக் காப்பதில் சிறப்பாக உழைத்தவர். இதற்கென ஒரு ஆபரேஷன் உண்டு. மெல்லுவதற்குப் பயன்படும் நெற்றிப் பொட்டுத் தசையில் ஒரு பகுதியை எடுத்து இமையோடு இணைத்துவிடுவார்கள். அதன்பின் நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். உறுத்தல் தெரியாதவர் ஆகையால், நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக் கண் மூடப் பழக வேண்டும். இந்தியாவில் தொழுநோய் நாடளவில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2005-ல் அறிவிக்கப்பட்டாலும், புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். பழைய நோயாளிகளின் இமைகளும் அப்படியேதான் இருக்கின்றன.

ஒரு சகோதரியின் கதை

இனி நான் மனபாரத்தோடு சொல்லும் காரியம். தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி. நாற்பது வயது ஆகவில்லை. கண் சிவந்து எரிந்ததால் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார். விட்ட மறுநாளே சிவப்பு போய்விட்டது. அருமையான மருந்து என்று, எரியும்போதெல்லாம் அதே பாட்டிலை வாங்கி வாங்கி இரண்டு வருடம் விட்டிருக்கிறார். கதவு நிலையில் அடிக்கடி தோளை இடித்துக்கொள்வதாகவும், பக்கத்தில் சைக்கிள் வருவது தெரியவில்லை என்றும் எங்களிடம் வந்தார்.

அந்த மருந்து ஸ்டீராய்டு. மருத்துவர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்து, நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் கண்காணிப்பு இல்லாமல் நாள்கணக்கில்லாமல் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தத்தை ஏற்றிவிடும், கண்புரையையும் கொண்டுவரும். வலி எதுவும் இராது. இந்தச் சகோதரிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு பெரும்பகுதி பட்டுப் போயிருந்தது. அவருக்கு முதலில் இருந்த தொல்லை என்ன தெரியுமா? இமை ஓரத்து எண்ணெய் அடைப்பு. வெந்நீர்த் துணியால் தீர வேண்டியது.

"போன பார்வை திரும்புமா டாக்டரம்மா?" என்று கேட்டார். திரும்பாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. மிஞ்சியிருப்பதைக் காக்கத் தினமும் மருந்து விடுகிறார், ஒழுங்காகச் சோதனைக்கு வருகிறார். இன்னும் தைக்கிறார். ஆனால் சாயங்காலம் தனியாகத் தெருவைக் கடப்பதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

உறுத்தல் லேசாக இருந்தால் காற்றையும் புகையையும் தவிருங்கள். வாசிக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்த்து, நன்றாக இமைகளை மூடித் திறவுங்கள். ஈரம் தரும் செயற்கைக் கண்ணீர் மருந்துகள் நல்லவையே. தினமும் நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் காக்கும் ரசாயனம் சேராத வகையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், அந்த ரசாயனமே கண்ணைக் காயவைக்கும். ஒருவர் மருந்தை மற்றவர் விடக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கவும் கூடாது.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பூச்சாறு ஆகியவற்றை வீட்டில் விடுகிற வழக்கம் உண்டு. அன்பினால் செய்வதுதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் உலர்ந்த கண்ணில் சிறு கீறல் இருக்கும், சுத்தமில்லாத எதுவும் அதில் கிருமியை விதைத்துவிடும்.

வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, மூடாத இமை, மாலையில் தடுமாறும் பிள்ளை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள்.

பாட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். கோபித்துக்கொண்டு போனார்களே தவிர, சொன்னதைச் செய்தார்கள். மருமகள் தினமும் காலையில் வெந்நீர்த் துணி வைத்துவிட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வந்து, "இப்போ தண்ணி ஊத்தலை டாக்டரம்மா. அப்போ கண்ணு நனைஞ்சிருச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன்.

அன்பானவர்களே, இனி யாராவது உங்களிடம் "கண் வறட்சி, ஒரு சொட்டு மருந்து சொல்லுங்கள்" என்று கேட்டால், மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "ஏன் வறண்டது என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அந்தச் சகோதரியிடம் இரண்டு வருடத்துக்கு முன் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.